திருகோணமலை, சீனக்குடாவிலிருந்து

அன்பு மகளுக்கு,

போன கிழமை போனில், “உலக ஒழுங்கே மாறுதப்பா, இனி அமெரிக்கா சொன்னதுதான் சட்டம் எண்டில்லை” என்றாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு எண்ணெய்த் தாங்கிகள் பக்கம் போய் வந்தேன்.

காட்டுக்குள் துருப்பிடித்து நிற்கின்றன. மொத்தம் 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். வெள்ளைக்காரன் தன் கப்பல்படைக்காகக் கட்டியது. 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அவனுடைய விமானமொன்று ஒரு எண்ணெய்த் தாங்கியின்மேலேயே விழுந்தது. நாட்கணக்காக எரிந்ததாம், உன் அப்பப்பா சொல்லுவார், அவருக்கு அப்போது 15 வயது. அதே வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைத் தந்துவிட்டுப் போன 1957இல் டொக்யார்டில் அவருக்கு வேலையும் போனது. இப்பதான் முழுச் சுதந்திரம் என்று ஊரே கொண்டாட, அவர் திண்ணையில் குந்தியிருந்தாராம்.

1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு எழுதிய கடிதங்களிலேயே இந்தியா இந்தத் தாங்கிகளைக் கேட்டு வைத்துவிட்டது. 2003இல் இந்திய எண்ணெய்க் கம்பனியின் கிளையான லங்கா ஐஓசி வந்தது. 2022 ஜனவரியில் 61 தாங்கிகளை இரண்டு நாடும் கூட்டாக நடத்தக் கையெழுத்தானது. இலங்கையின் கஜானா காலியாகிக் கொண்டிருந்த நேரம் அது. கடன் கேட்கப் போகிறவன் பேரம் பேசுவானா? சீனனோ தன் பெயருள்ள குடாவை விட்டுவிட்டு அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017இலேயே 99 வருடக் குத்தகைக்கு எடுத்துவிட்டான்.

2022இல் நான் பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு படுத்தது உனக்குத் தெரியும். மோட்டார்சைக்கிள் சீற்றில் தலை, செருப்பு கைக்குள். பிறகு கியூஆர் கோட் காட்டிப் பங்கீடாக எடுக்கும் முறை வந்தது, மோட்டார்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். பக்கத்தில் அவ்வளவு பெரிய தாங்கிகள்! சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

நீ சொல்வது சரிதான் பிள்ளை, மாறுகிறது. ஆனால் நீ அதை மேலேயிருந்து பார்க்கிறாய். எங்களுக்கு அது படலையில் தொங்கும் பூட்டு. திறப்பு கை மாறும்போது சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

2025 ஏப்ரலில் மோடி வந்தபோது ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்துத் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க ஒப்பமிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெடியன் அன்றைக்கே ஓடி வந்தான். “மாமா, அங்க வேலை எடுக்க ஹிந்தி படிக்கட்டா, அரபு படிக்கட்டா?”

“முதல்ல இங்கிலீசை ஒழுங்காப் படி” என்றேன். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

அன்புடன்,
அப்பா