முகவரிப் பக்கம்

தலவாக்கலை,
ஜூன் மாதக் கடைசி

அன்பின் நண்பா,

நலம். உன் கடிதம் பத்தொன்பது நாள் நடந்து வந்து சேர்ந்தது. கோத்தகிரியில் மழையைக் காணோம் என்று அலுத்திருக்கிறாய். இங்கே அது விட்டபாடில்லை. சுவரில் கை வைத்தால் கை நனைகிறது. இந்தக் கடிதத்துக்குக் காரணமே அந்த ஈரம்தான்.

அம்மா சேலை வைத்திருந்த தகரப்பெட்டி உனக்கு நினைவிருக்கும். ஊர் ஊராக இருப்பவர்கள் படம் வரைந்தும் ஒட்டியும் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் தபால் கலை, அதில் எனக்கு வந்த சேகரம் முழுவதும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. அட்டையும் உறையுமாக நானூறுக்குச் சற்று மேல். திறந்து பார்த்தால் பாதிக்குப் பூஞ்சணம். சிலவற்றில் இராமபாணப் பூச்சி தன் பங்குக்கு ஓவியம் வரைந்திருக்கிறது. இவற்றைவிடப் பெரிய கேடு நான் செய்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று மலிவான பிளாஸ்டிக் உறைகளில் போட்டு வைத்தேன் அல்லவா? போட்டோப் பிரதியின் கறுப்பு மை அந்த பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. உருவினால் படம் உறையோடு வருகிறது. பிரேசிலிலிருந்து வந்த ஒரு முகத்தில் அட்டையில் மிஞ்சியவை இரண்டு காதுகள்தான். மூக்கும் வாயும் உறைக்குக் குடிபோய்விட்டன. இரண்டையும் தனித்தனியாக ஸ்கேன் செய்தேன். வேறு என்ன செய்வது?

மகள் ஒரு ஸ்கேனர் வாங்கித் தந்திருக்கிறாள். 600 டிபிஐ நுணுக்கத்தில் எடுத்து, சுருக்காத டிஃப் படக் கோப்பாகச் சேமிக்கிறேன். ஒரு தபாலட்டையின் ஒரு பக்கமே 25 மெகாபைட் பிடிக்கிறது. இணையத்தில் போடச் சிறிய ஜேபெக் பிரதி. இந்த வித்தையெல்லாம் பழகி, அறுபது அட்டை முடித்த பிறகுதான் உறைத்தது: முன்பக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறேன்!

வெறும் படமாகப் பார்த்தால் இவற்றில் பத்துக்கூடத் தேறாது, உனக்கும் தெரியும். இவற்றின் மதிப்பு வந்த வழியில் இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த உறையை எடுத்துக்கொள். ஒட்டிய முத்திரை, அதன் மேல் அந்த ஊர்த் தபாற்கந்தோரில் அடித்த குத்து, பிறகு கொழும்புக் குத்து, பிறகு நம் தபாற்கந்தோர்க் குத்து. எல்லாவற்றுக்கும் கீழே, தோட்டக் கந்தோரில் கிளாக்கர் ஐயா பென்சிலால் எழுதியது: "யாருக்கு?" அதற்கும் கீழே தப்பால்காரர் கையெழுத்தில் நாங்கள் குடியிருந்த லயத்தின் எண். இந்த இரண்டு பென்சில் கோடுகளும் இல்லையென்றால் அது இங்கே வந்ததற்கே சாட்சி இல்லை. அறுபதையும் திருப்பிப் போட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

இணையத்தில் போடுவது சரியா என்று கேட்டிருந்தாய். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. அட்டை என்னுடையது, அதிலுள்ள படத்தின் உரிமை வரைந்தவருடையது. ஆனால் தபால் கலைக் கண்காட்சிகளின் வழக்கத்தை நினைத்துப் பார். நடுவர் கிடையாது, கட்டணம் கிடையாது, அனுப்பியது திரும்பாது. பதிலுக்குப் பங்கெடுத்த எல்லோருக்கும் ஒரு பட்டியல் நூல். 1970இல் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தபால் கலையின் முன்னோடி ரே ஜோன்சன் கண்காட்சி வைத்தபோதுகூட, மற்றவர்கள் அனுப்பியவற்றைத்தான் வைத்தார். நான் இவர்களில் ஒருவருக்கும் பட்டியல் அனுப்பியதில்லை. அந்தக் கடனைத்தான் இப்போது அடைக்கிறேன் என்று வைத்துக்கொள். முகவரி இன்னும் பிடிபடுகிறவர்களுக்கு எழுதிக் கேட்டேன். பதினொருவர் சரி என்றார்கள், ஒருவர் வேண்டாம் என்றார். அவருடைய ஏழு அட்டைகளும் பெட்டியிலேயே இருக்கட்டும்.

முகவரிகள்தான் தலைவலி. 1985இல் ஜப்பானின் ரியோசுகே கோஹென் தொடங்கிய 'பிரெயின் செல்' தாள்கள் என்னிடம் மூன்று உண்டு. பலர் அனுப்பிய முத்திரைகளையும் ஒட்டுப்படங்களையும் ஒரே ஏ3 தாளில் சேர்த்து அச்சிட்டு, பங்கெடுத்தவர்களின் முகவரிகளையும் கூடவே அனுப்புவார். அன்று அந்தப் பட்டியல்தான் கதவு, அதைப் பார்த்துத்தான் நான் ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் எழுதினேன். இன்று அதை அப்படியே போட்டால் உயிரோடு இருப்பவரின் வீட்டு வாசலைக் காட்டிக்கொடுப்பதாகிவிடும். மூலக் கோப்பைத் தொடாமல், இணையப் பிரதியில் மட்டும் வீட்டு எண்ணையும் தெருவையும் மறைக்கிறேன்; ஊரும் நாடும் நிற்கும்.

மறைத்துக்கொண்டே வந்தபோது என் முகவரியில் கை நின்றது. அதில் மறைக்க ஒன்றுமே இல்லை. பெயர், டிவிஷன், தோட்டம், தலவாக்கலை. வீட்டு எண் கிடையாது, தெரு கிடையாது. இருந்ததெல்லாம் தோட்டத் துரையின் கந்தோர். நமக்கு வந்த கடிதம் எல்லாம் அங்கே போய், யாராவது பார்த்து, பிறகுதான் நம்மிடம் வந்தது. அந்தப் பக்கங்களை அப்படியே விட்டிருக்கிறேன். யாரும் பார்க்கட்டும்.

கோப்புகளின் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்திடம் கொடுக்க எண்ணம். 2005இலிருந்து நம் எழுத்துகளை இணையத்தில் சேர்த்து வருகிறவர்கள், உறையையும் எழுத்தாகக் கொள்வார்கள் என்று நம்புகிறேன். போன கிழமை நுவரெலியாவுக்குப் போனபோது அந்தச் செங்கல் தபாற்கந்தோரையும் எட்டிப் பார்த்தேன். 1894இல் கட்டியது. 2023 நவம்பரில் அதை ஹோட்டலுக்குக் கொடுக்கும் யோசனையை எதிர்த்துத் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதேதான். உனக்கு நான் அனுப்பிய அட்டைகளில் பாதி அங்கே போட்டவை. குத்துத் தெளிவாக விழும் என்பதற்காகவே பஸ் ஏறிப் போவேன்.

உன்னிடம் ஒன்று வரவேண்டியிருக்கிறது. 1988இல் 'சேர்த்துத் திருப்பி அனுப்பு' என்று எழுதி ஓர் அட்டை அனுப்பினேன். 1982இல் இந்தியாவுக்குப் போக நீ தலைமன்னாரில் ஏறிய கப்பலை வரைந்து, கடலை உனக்கு விட்டிருந்தேன். பட்டியலில் அதற்கு எண் போட்டு இடம் வைத்திருக்கிறேன். கடல் வரையாமலே கிடந்தாலும் பரவாயில்லை, படமெடுத்துத் தொலைபேசியில் அனுப்பிவிடாதே. உறைக்குள்ளும் போடாதே. உங்கள் ஊர்க் குத்து அட்டையின் மேலேயே விழவேண்டும்.

என்றும் அன்புடன்,
உன் பழைய பக்கத்து வாங்கு