செயலாளர் ஆண்டறிக்கை: விடுதியில் பிள்ளை, வீட்டில் மனசு

தலைவர் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, சங்க உறுப்பினர்களே, பிள்ளைகளைப் பெற்றவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் சாதிச் சான்று மனுக்களுக்கு உதவினோம். மே மாதம் ஏற்காடு சேர்வராயன் கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் வைத்தோம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் நம் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் ஒன்பது, பத்தாம் வகுப்பில் ஏன் நின்றுவிடுகிறார்கள் என்று பார்க்கச் சொல்லிப் போன பொதுக்குழுவில் கேட்டீர்கள். பாடம் கஷ்டம் என்பார்கள் என்று நினைத்துத்தான் போனோம். பிள்ளைகள் பேசியதெல்லாம் வீட்டைப் பற்றி.

பெற்றோரோடு இதைப் பேச வைத்த முதல் கூட்டம் நடக்கவே இல்லை. ‘மனநல முகாம்’ என்று தட்டி எழுதி வைத்தோம், ஒருவரும் வரவில்லை. “எம்புள்ளைக்கு என்ன பைத்தியமா?” என்று ஒரு தாய் நேராகவே கேட்டார். அந்தத் தவறு என்னுடையது. அப்புறம் தட்டியை எடுத்துவிட்டு, காப்பிப் பழம் எடை போட்டு எல்லோரும் வீடு திரும்பும் நேரம் பார்த்து ஊர்த் திண்ணையில் உட்கார்ந்தோம். வந்தார்கள்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் தாயும் சம்மதித்ததால், அடையாளம் தெரியாமல் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு. லீவு முடிந்து விடுதிக்குக் கிளம்பும்போதெல்லாம் வயிற்றுவலி. சேலத்துக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் வரை எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. நடிக்கிறாள் என்றே எல்லோரும் நினைத்தோம், நானும்தான். நாலைந்து தடவை பேசிய பிறகே வாய் திறந்தாள். அம்மா மிளகு பறிக்கக் கேரளா போயிருக்கிறார். அப்பா குடித்துவிட்டு வருவார். வீட்டில் தம்பி மட்டும். “நான் இருந்தா அவன் மேல அடி விழாதுங்க” என்றாள். வலி பொய்யில்லை. இந்த வயதில் பயமும் துக்கமும் வயிற்றுவலியாக, தலைவலியாக, தூக்கம் வராமல், எரிந்து விழுவதாக வெளிப்படும் என்று மனநல ஆலோசகர் விளக்கினார். தம்பியை அம்மாயி வீட்டில் சேர்த்தோம். வலி முழுதாக நிற்கவில்லை, ஆனால் அவள் பள்ளியை விடவில்லை.

2015-16இல் பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, 13 முதல் 17 வயதுக்குள் 7.3 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் இருக்கிறது. 40 பேர் வகுப்பில் 3 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மலையில் இன்னொன்றும் சேர்கிறது. காப்பி அறுவடையும் மிளகு சீசனும் பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதங்களிலேயே வருகின்றன. பிள்ளைக்கு அப்பா அம்மா அதிகம் தேவைப்படும் நேரத்தில் அவர்கள் வேலைக்காக வெளியூரில் இருக்கிறார்கள். வயிற்றுப் பாட்டுக்குப் போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

மனநல உதவிக்கான 14416 என்ற அரசின் டெலிமானஸ் போன் எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். ஆனால் நம் ஊர்கள் சிலவற்றில் டவர் கிடைப்பதில்லை, விடுதிப் பிள்ளைகளிடம் போனும் இல்லை. அதனால், பிள்ளைகள் வீட்டாரோடும் பேசட்டும் என்று, தலைமையாசிரியரின் அனுமதியோடு ஞாயிறுதோறும் சங்கத்தின் போனை விடுதிக்குக் கொண்டுபோனோம். இந்த ஆண்டு செய்ததில் உருப்படியான வேலை இதுதான் என்பேன். ஓர் அப்பா “சாப்டியா?” என்பதைத் தாண்டி எதுவும் கேட்க மாட்டார். அவர் பையன் அந்த ஒரு வார்த்தைக்காக முதல் ஆளாக வந்து நிற்பான்.

பத்தாவது முடிந்ததும் பெண்பிள்ளைக்குக் கல்யாணம் பேசும் வழக்கத்தைப் பெரியவர்கள் நிறுத்தித் தர வேண்டும். 18 வயதுக்கு முன் செய்தால் சட்டப்படி குற்றம். அதோடு, இந்தப் பயத்தால் படிப்பில் மனம் வைக்க முடியவில்லை என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

நம் கூட்டங்களுக்கு இதுவரை தாய்மார்கள்தான் வந்தார்கள். அப்பாக்களும் வர வேண்டும். பெற்றோர் வெளியூர் போகும் மாதங்களில் அந்தந்த ஊர்ப் பிள்ளைகளை விசாரிக்க ஊருக்கு ஒருவர் தேவை. கூட்டம் முடிந்து கிளம்பும் முன் என் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.