துண்டறிக்கையில் ஒரு சொல்லை மாற்றுங்கள்

சேலத்தில் மாதந்தோறும் படம் திரையிடும் நண்பர்களுக்கு,

வணக்கம். இந்த மாதத் துண்டறிக்கை கைக்கு வந்தது. கிழக்கு ஐரோப்பிய நாடான பெலாரஸ் பற்றிய ஆவணப்படத்தை நம்மூருக்குக் கொண்டு வருகிறீர்கள், ரொம்ப நன்றி. ஒரு சொல் மட்டும் உறுத்துகிறது. ‘காணாமல் போனவர்கள் பற்றிய படம்’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். அதைக் ‘காணாமல் ஆக்கப்பட்டவர்கள்’ என்று மாற்ற வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கூட்டத்தில் குழந்தை காணாமல் போகும், மேயப்போன ஆடு காணாமல் போகும். யூரி சகரென்கோ அப்படிப் போனவர் இல்லை. பெலாரஸின் உள்துறை அமைச்சராக இருந்து, பிறகு அதிபர் லுகாஷென்கோவை எதிர்த்தவர். 1999 மே 7 இரவு, காரை நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்தவரைச் சிலர் வண்டியில் தள்ளிக்கொண்டு போனார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 16 அன்று எதிர்க்கட்சித் தலைவர் விக்டர் கோஞ்சாரும் அவருடைய நண்பர், தொழிலதிபர் கிரசோவ்ஸ்கியும். 2000 ஜூலை 7 அன்று ஒளிப்பதிவாளர் டிமித்ரி சவாட்ஸ்கி, சக பத்திரிகையாளரை அழைத்துவர மின்ஸ்க் விமான நிலையத்துக்குப் போனார். கார் மட்டும் அங்கேயே நின்றது. நான்கு பேரின் உடலும் இன்றுவரை கிடைக்கவில்லை. முதல் மூவரைக் கடத்திய குழுவில் தானும் இருந்ததாகச் சொன்ன ஒருவர்மீது 2023இல் சுவிட்சர்லாந்தில் வழக்கு நடந்தது. அவர் சொன்னதை நம்ப முடியாது என்று நீதிமன்றம் விடுவித்துவிட்டது. இவர்களைப் போய் ‘போனவர்கள்’ என்று எப்படிச் சொல்வது?

‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்ற சொல் நமக்கு ஈழத்துத் தாய்மார்கள் கொடுத்தது. இவர்களைத் தேடுவதற்கென்று இலங்கை அரசு அமைத்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரில் ‘காணாமற்போன ஆட்கள்’ என்றுதான் இருக்கிறது. 2017 பிப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவில் அருகே பிள்ளைகளின் புகைப்படங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த அம்மாக்கள் ‘ஆக்கப்பட்டோர்’ என்கிறார்கள். ஒரே ஒரு வினைச்சொல்தான் வித்தியாசம். ஆனால் செய்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதை அது விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

எனக்கு இது புத்தகத்தில் தெரிந்ததில்லை. தாரமங்கலம் பக்கம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கும் ஒரு அக்காவைப் பல வருடமாகத் தெரியும். விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று சொல்லி அவருடைய அண்ணனை வீட்டு வாசலிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். ஒருமுறை பேச்சுவாக்கில் நானும் ‘உங்கள் அண்ணன் காணாமல் போனபோது’ என்று சொல்லிவிட்டேன். தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். “அண்ணா போகேல்லை தம்பி. கொண்டு போனவங்கள்” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய அம்மா கண்மூடும்வரை மகனுக்குத் திதி கொடுக்க விடவில்லையாம். அண்ணி இன்னும் பொட்டு வைக்கிறார். எந்த நாளில் திதி கொடுப்பது, அதற்கு ஒரு நாள் தெரிய வேண்டாமா?

நாள் தெரிவது எவ்வளவு பெரிது என்பது சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். 1950 பிப்ரவரி 11 அன்று நம் மத்திய சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொடுமைதான். ஆனாலும் அந்த நாள் வந்தால் பூவோடு போய் நிற்க முடிகிறது. கோழிக்கோடு பொறியியல் மாணவர் ராஜனின் அப்பா ஈச்சர வாரியருக்கு அதுவும் இல்லை. நெருக்கடி நிலையின்போது, 1976 மார்ச் 1 அன்று, போலீஸ் பிடித்துக்கொண்டு போன மகன். அடுத்த ஆண்டு அவர் ஆட்கொணர்வு மனு போட்டார், முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகினார், உடல் மட்டும் கிடைக்கவே இல்லை. பெலாரஸ் எங்கேயோ இருக்கிற நாடு என்று யாராவது சொன்னால், கோழிக்கோட்டுக்கு ராத்திரி பஸ் ஏறினால் காலையில் போய்விடலாம் என்று சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொரு வேண்டுகோள். படம் முடிந்ததும் உடனே விளக்கைப் போட்டு நன்றியுரை சொல்ல வேண்டாம். அரை மணி நேரமாவது பேச விடுங்கள். அக்காவும் முகாமிலிருந்து இன்னும் மூன்று பேரும் வர விரும்புகிறார்கள். பேசுவார்களா என்று தெரியாது, பேசச் சொல்லி யாரும் மைக்கை நீட்டவும் வேண்டாம். மாலை ஆறரைக்குப் படம் தொடங்கினால் அவர்களுக்குத் திரும்பிப் போகப் பஸ் கிடைக்காது. நான்கு மணிக்கு வைக்க முடியுமா? முடியாவிட்டால் வண்டிச் செலவு என்னுடையது. முன்வரிசையில் நான்கு நாற்காலி மட்டும் ஒதுக்கி வையுங்கள்.

துண்டறிக்கையை மறுபடி அச்சடிக்கப் பணம் இல்லையென்றாலும் பரவாயில்லை. மிச்சமிருப்பதைக் கொடுங்கள், நானே பேனாவால் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் திரையிடல்களுக்குத் தவறாமல் வரும் ஒருவன்
சேலம்