கிளினிக்கில் ஒரு மேசை போடுங்கள்

எங்கள் வட்டார அரசாங்க கிளினிக் நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

செயலியில்தான் தேதி எடுக்க வேண்டும் என்று ஏன் மாற்றினீர்கள் என்பது புரிகிறது. கோலாலம்பூரில் விடிவதற்கு முன்பே நீளும் வரிசையில் நாங்களும் நின்றவர்கள்தான். போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 71 வயது. இனிப்புநீர், ரத்தக்கொதிப்பு இரண்டும் உண்டு. ஏழு மணிக்கு முன்பே அடையாள அட்டையும் மருந்துப் புத்தகமுமாக வந்து உட்கார்ந்தவரை, 'ஆன்லைனில் புக் பண்ணிட்டு வாங்கம்மா' என்று கவுண்டரில் அனுப்பிவிட்டார்கள். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முயன்றிருக்கிறார். ஓடிபி என் நம்பருக்கு வரும், நானோ தொழிற்சாலையில், கைப்பேசி லாக்கரில். நான்கு தடவை அழைத்திருக்கிறார். மத்தியானம் நான் பார்த்தபோது அந்த எண்கள் எதுவும் செல்லாது. வீட்டுக்குப் போனவர், மிச்சமிருந்த மாத்திரைகளைப் பாதி பாதியாக உடைத்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார், தேதி கிடைக்கும்வரை தாங்கட்டும் என்று. வியாழக்கிழமை டப்பாவைத் திறந்தபோதுதான் எனக்கே தெரியும். கேட்டால், 'நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன்' என்கிறார். இரண்டு நாளாக அரை மாத்திரை சாப்பிட்டவர் தன்னையே குறை சொல்லிக்கொள்வதை என்னால் தாங்க முடியவில்லை.

செயலி என்றாலே அவருக்கு வருகிற பயத்தை அறியாமை என்று நினைக்காதீர்கள். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வானொலியில் கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடம். மோசடி என்றால் 997க்கு அழைக்க வேண்டும் என்று நாட்காட்டி ஓரத்தில் எழுதியே வைத்திருக்கிறார். அப்படிப்பட்டவரிடம், வந்த நம்பரைச் சொல்லுங்கள் என்று முன்பின் தெரியாத ஒருவர் அவசரப்படுத்தினால் அவர் என்ன செய்வார்?

நான் கேட்பது ஒரு மேசை, இரண்டு நாற்காலி, காலையில் இரண்டு மணி நேரம் உட்கார ஒரு ஆள். கைப்பேசியை வாங்கி விறுவிறுவென்று முடித்துக் கொடுக்கும் ஆள் வேண்டாம். அதை நானே இத்தனை நாளாகச் செய்துவிட்டேன், தன்னால் முடியாது என்பதைத்தான் அம்மா அதில் கற்றுக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து, தமிழிலோ மலாயிலோ மெதுவாகச் சொல்லி, அவர் விரலாலேயே அழுத்த வைக்கிற ஆள் வேண்டும். தப்பாக அழுத்தினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, திரும்பிப் போகலாம் என்று சொல்கிற ஆள்.

2020இல் கொரோனாவுக்காக மைசெஜாத்ரா செயலி வந்த புதிதில் கடை வாசலில் கியூஆர் பக்கத்திலேயே ஒரு நோட்டும் பேனாவும் இருந்தன. தொற்றுக்கு ஊரே பயந்து கிடந்த நாட்களில்கூட, கைப்பேசி தெரியாதவர் பெயர் எழுதிவிட்டு உள்ளே போனார். இப்போது பேங்க், கார் பார்க்கிங், பில் என்று எங்கே போனாலும் செயலிதான், வயதானவர்கள் ஒவ்வொரு வாசலிலும் பிள்ளைகளின் கையை எதிர்பார்த்து நிற்கிறார்கள். பிள்ளை இல்லாதவர் யாரைக் கூப்பிடுவார்? பேங்க் வேலை நாளைக்கு ஆகலாம், மருந்து அப்படி இல்லையே.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். தயவுசெய்து அந்த மேசையைப் போடுங்கள். அம்மா போன்றவர்கள் பழகும்வரை கவுண்டரில் தாளில் தேதி எழுதிக் கொடுப்பதையும் நிறுத்தாதீர்கள். உட்கார ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், புதன்கிழமை எனக்கு விடுப்பு, நான் வருகிறேன்.