ஊஞ்சலோடு படம் முடியவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் அகிரா குரோசாவாவின் 'இகிரு' பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1952இல் வந்த ஜப்பானியப் படத்தை இன்றைக்கும் நினைவு வைத்து எழுதியதற்கு நன்றி. ஆனால் புற்றுநோய் வந்தவரின் கண்ணீர்க் கதை என்று சொல்லி, பனியில் அவர் ஊஞ்சலாடிக்கொண்டே பாடும் காட்சியோடு முடித்துவிட்டீர்களே, அங்கேதான் எனக்குச் சண்டை.

படத்தின் நாயகன் வதனாபே நோயாளி என்பது இருக்கட்டும், முதலில் அவர் ஒரு குமாஸ்தா. நகராட்சியில் மனு வாங்கும் பிரிவுக்குத் தலைவர், ஏறக்குறைய 30 வருடமாக ஒரு நாள் லீவு கிடையாது. ஆரம்பத்திலேயே ஒரு காட்சி: முத்திரையில் அழுக்கு சேர்ந்திருக்கிறது, மேஜை டிராயரைத் திறந்து பழைய தாள் ஒன்றைக் கிழித்துத் துடைக்கிறார். அது அவரே ஒரு காலத்தில் அலுவலக வேலையைச் சீர்செய்ய எழுதிய திட்ட அறிக்கையின் தாள். நானும் 33 வருடம் ஃபைலோடு குடித்தனம் நடத்தியவன், அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

சாக்கடைக் குட்டையை மூடி பிள்ளைகள் விளையாட இடம் கேட்டு வரும் பெண்களை ஒவ்வொரு பிரிவாக அலையவிட்டு, கடைசியில் முதலில் போன ஜன்னலுக்கே திருப்பி அனுப்புவார்கள். 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது' என்று எழுதிப் பழகிய கை எனக்கும் உண்டு. சரி, அதை விடுங்கள்.

படம் 143 நிமிடம். அதில் 50 நிமிடத்துக்குப் பக்கத்தில் மீதி இருக்கும்போதே வதனாபே செத்துப்போகிறார். அப்புறம் நடப்பதெல்லாம் சாவு வீட்டில். அந்தக் குட்டை இருந்த இடத்தில் வதனாபே விடாமல் அலைந்து கட்டவைத்த பூங்காவைக் கட்டியது யார் என்ற பேச்சில் பெருமையை துணை மேயர் எடுத்துக்கொள்ள, கூட இருந்தவர்கள் தலையாட்ட, அந்தப் பெண்கள் உள்ளே வந்து ஒரு வார்த்தை பேசாமல் போட்டோவுக்கு முன்னால் அழுதுவிட்டுப் போவார்கள். அந்த ஊஞ்சல்கூட, தொப்பியைக் கொடுக்க வந்த ஒரு போலீஸ்காரர் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. குடித்திருக்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்கிறார் அவர். இதையெல்லாம் ஒரு வரியில்கூடச் சொல்லாமல் ஊஞ்சலை மட்டும் தனியாகப் பிய்த்துக் காட்டினால் எப்படி?

அதற்கப்புறமும் படம் இருக்கிறது. குடித்த வேகத்தில் எல்லோரும் 'இனி நாமும் அவரைப் போல' என்று சபதம் போடுவார்கள். அடுத்த காட்சியில் அதே அலுவலகம், வதனாபே நாற்காலியில் புதுத் தலைவர், இன்னொரு சாக்கடை மனு வருகிறது, இன்னொரு பிரிவுக்குப் போகிறது. கிமுரா என்ற இளைஞன் மட்டும் பொறுக்காமல் விருட்டென்று எழுந்திருக்கிறான். தலைவர் ஒரு பார்வை பார்க்கிறார். மெல்ல உட்கார்கிறான், காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் அவன் முகம் மறைந்துபோகிறது.

வதனாபேவாக நடித்த தகாஷி ஷிமுராவைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தீர்கள், தகும், அந்தக் கண்களுக்கு இன்னும் ஒரு பத்தி எழுதலாம். ஆனால் கிமுராவின் பெயர் உங்கள் கட்டுரையில் எங்குமே இல்லை. அடுத்த முறை அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓர் எழுத்தர்