செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: பதினெட்டு அங்குலமும் நாற்பத்திரண்டு அங்குலமும்

தலைவர், பொருளாளர், பயிற்றுநர்கள், பெற்றோர்கள், அணிப் பிள்ளைகள் அனைவருக்கும் வணக்கம். 2024 செப்டம்பர் முதல் 2025 மே வரையிலான நம் ரோபோ மன்றத்தின் செயல்பாடுகளை அவையின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்கள், புதியவர்களுக்கான நிரல் வகுப்பு, கருவி இரவல் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. விவரம் பதிவேட்டில் இருக்கிறது, வேண்டியவர் புரட்டிப் பார்க்கலாம். தொழில்நுட்பக் குழுவின் நேரத்தை இந்த ஆண்டு பெரிதும் தின்றது ரோபோவின் அளவு விதிதான். அதனால் அறிக்கையும் அதைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

பள்ளிப் பிள்ளைகளின் ரோபோப் போட்டியான ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்சில் ஆட்டம் தொடங்கும்போது ரோபோ 18 அங்குலக் கன சதுரத்துக்குள் அடங்க வேண்டும். இது பழைய விதி. முந்தைய சென்டர்ஸ்டேஜ் பருவம் வரை, தொடங்கிய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் விரியலாம். 2024 செப்டம்பர் 7 அன்று வெளியான இன்டு தி டீப் ஆட்டத்தில் இது மாறியது. 2024–25 பருவத்தில் உயரத்துக்கு வரம்பில்லை, ஆனால் கிடைமட்டத்தில் 20 × 42 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஆட்டமோ நீளத்தைக் கேட்கிற ஆட்டம். களத்தின் நடுவிலுள்ள சப்மெர்சிபிள் சட்டகத்துக்குள் கையை நீட்டி, 1.5 × 1.5 × 3.5 அங்குலக் கட்டையைப் பிடித்து, 43 அங்குல உயரத்திலுள்ள கூடையில் போட வேண்டும். பழைய அணிகள் பழைய நினைப்பிலேயே, அடுக்கடுக்காக நீளும் ஸ்லைடு தண்டுகளை வாங்கிவிட்டன. குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் 18 அங்குலம். விதி அங்குலத்தில் இருக்கிறது, பிள்ளைகள் வாங்கும் உதிரிபாகங்கள் மில்லிமீட்டரில் வருகின்றன. 18 அங்குலம் என்பது 457.2 மி.மீ. இதை 46 செ.மீ. என்று தோராயமாக எழுதிக்கொண்டு வரைபடம் போட்டால் அங்கேயே 2.8 மி.மீ. கூடுதல். அதன்மேல் போல்ட் தலை, அறுக்காமல் விட்ட கேபிள் டையின் வால், அணி எண் பலகை, பேட்டரி ஒயரின் வளைவு என்று ஒவ்வொன்றாகச் சேரும். அடிச்சட்டத்தை 17.5 அங்குலத்தில் நிறுத்தச் சொல்லி வருகிறோம். மிச்சமுள்ள அரை அங்குலத்தை இந்தச் சில்லறைகளே எடுத்துக்கொள்ளும்.

18 அங்குலத்தைச் சரிபார்க்கும் பரிசோதனைப் பெட்டிக்குள் நுழைந்தால் மட்டும் போதாது. ரோபோ தன் வடிவத்தைத் தானே தாங்கி நிற்க வேண்டும். மின்சாரம் இல்லாமல் இயந்திர அமைப்பிலேயே நிற்கலாம், இல்லையேல் இனிஷியலைஸ் செய்த, அதாவது ஆட்டத்துக்கு முன்பே தயார்நிலையில் வைத்த நிரல், கோணம் பிடிக்கும் சிறு மோட்டார்களான சர்வோக்களைப் பிடித்து நிறுத்தலாம். ரப்பர் பேண்டு இழுவையில் வெளியே துள்ளப் பார்க்கும் கையைப் பெட்டிச் சுவர்தான் அழுத்தி வைத்திருக்கிறது என்றால் அது தேறாது. பெட்டியைச் சட்டென்று தூக்கிப் பாருங்கள். ஏதாவது ஒன்று அசைந்தால் தாங்கி நின்றது பெட்டிதான்.

நம் மன்றத்துப் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூலைத் திருகு தளர்ந்தால் ஒட்டுப்பலகைப் பெட்டி மெல்லச் சாய்சதுரமாகும். பக்கங்களை அளந்தால் 18 தான் காட்டும், கோணல் தெரியாது. மூலைக்கு மூலை அளக்க வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் 646.6 மி.மீ. இருந்தால் பெட்டி சரி. ஒன்று கூடி மற்றொன்று குறைந்திருந்தால் திருகை இறுக்கிவிட்டுத்தான் அடுத்த அணியை அழைக்க வேண்டும்.

இனி 42 அங்குலம். அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "முன்னால் 42 வரை நீட்டலாமா?" என்பது. நீட்ட முடியாது. 42 என்பது ரோபோவின் மொத்த நீளம், அடிச்சட்டமும் அதற்குள்தான். முன்னும் பின்னும் நீளும் ரோபோவில் கணக்கு இப்படித் தவறுகிறது: அடிச்சட்டம் 17.5, முன் ஸ்லைடு 15 நீள்கிறது, பின் கொடுக்கு 10 நீள்கிறது. முன்பக்கத்தை மட்டும் நீட்டி அளந்தால் 32.5. பின்பக்கத்தை மட்டும் நீட்டி அளந்தால் 27.5. இரண்டுமே நிம்மதியான எண்கள். ஓட்டுநர் பரபரப்பில் இரண்டையும் ஒரே நேரத்தில் நீட்டினால் 42.5. அரை அங்குல மீறல்! நிரலில் ஒரு பூட்டுப் போட்டால் தீர்ந்தது: முன் ஸ்லைடு 10 அங்குலத்துக்குள் வரும்வரை பின் கொடுக்கு வெளியே போகக் கூடாது.

அகலம் 20 என்பதைப் பலர் கவனிக்கவே இல்லை. பக்கவாட்டில் சுழலும் டரட் கை வைத்த அணிகளுக்கு உண்மையான தடை அதுதான். 18 அங்குலச் சதுர அடிச்சட்டத்தின் மேல் கையை 45 பாகைக்குத் திருப்பி முழுதாக நீட்டினால், 20 × 42 பெட்டியை எந்தப் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தாலும் ரோபோ உள்ளே அடங்காது. கையின் திசைக்குப் பெட்டியைத் திருப்பினால் அடிச்சட்டத்தின் அகலம் 25.5 அங்குலமாகிவிடும். சுமார் 7 பாகை திருப்பினாலே 20 நிரம்பிவிடுகிறது. அடிச்சட்டத்தின் மூலைவிட்டம் 20க்குள் நிற்க வேண்டுமானால் அது 14 அங்குலச் சதுரத்துக்கு மேல் போகக் கூடாது. இந்தக் கணக்கைத் தாளில் போட ஐந்து நிமிடம் போதும். டரட்டை அறுத்துப் பூட்டிய பிறகு போட்டால் ஐந்து வாரம் வீண்.

சாய்ந்து எழும் கையில் சிக்கல் வேறு மாதிரி. கிடைமட்ட அளவு என்பது கையின் நீளம் அல்ல, தரையில் விழும் அதன் நிழல். பின்விளிம்பிலிருந்து 4 அங்குலத்தில் மூட்டு இருந்தால், முன்பக்கம் 38 அங்குலம் வரை இடமுண்டு. 40 அங்குலக் கை 60 பாகையில் நிற்கும்போது நிழல் 20 தான், ஒரு குறையும் இல்லை. கட்டையைக் கூடையில் போட்டுவிட்டு, சுருக்காமல் அப்படியே இறக்கினால் 18 பாகைக்குக் கீழே வந்ததுமே 38ஐத் தாண்டிவிடும். ஆகவே ஸ்லைடின் உச்ச வரம்பை ஒரே எண்ணாக வைக்காமல், 38ஐக் கோணத்தின் கொசைனால் வகுத்துக் கணந்தோறும் கணக்கிட வேண்டும். பிள்ளைகள் பள்ளியில் முக்கோணவியல் படிக்கும் வயதுதான். பயன்படுத்தட்டும்.

நிரலில் வரம்பு வைத்திருந்தும் மீறிய அணிகள் உண்டு. காரணம் பெரும்பாலும், மோட்டாரின் சுற்றை எண்ணும் உணரியான என்கோடரின் பூச்சியம். ஆட்டத்தில் ரோபோ தானே இயங்கும் தானியங்கிப் பகுதி முடியும்போது ஸ்லைடு 5 செ.மீ. வெளியே நிற்கிறது என்று வையுங்கள். ஓட்டுநர் பகுதி நிரல் தொடங்கியதும் என்கோடரை அழித்துவிட்டால் அந்த 5 செ.மீ. தான் புதிய பூச்சியம். அதன் பிறகு எல்லா வரம்பும் 5 செ.மீ. தள்ளியே இருக்கும். ஸ்லைடு முழுதாக உள்ளே வந்ததை ஒரு தொடு உணரியோ காந்தச் சுவிட்சோ உறுதி செய்த பிறகே அழிக்க வேண்டும்.

அடுத்த காரணம் ஸ்லைடை இழுக்கும் கயிற்றைக் கட்டும் முறை. 312 ஆர்.பி.எம். மோட்டாரின் என்கோடர் ஒரு சுற்றுக்கு 537.7 எண்ணும். கயிறு சுற்றும் உருளையின் சுற்றளவு 112 மி.மீ. என்றால் ஒரு மி.மீ.க்கு 4.8 எண்ணிக்கை, 24 அங்குலத்துக்குச் சுமார் 2,927. ஒரே கயிறு எல்லா அடுக்கிலும் ஓடும் தொடர்முறையில் இந்தக் கணக்கு சரி. ஒவ்வொரு அடுக்கும் அடுத்ததை இழுத்துச் செல்லும் கேஸ்கேட் முறையில், மூன்று அடுக்கு நகர்ந்தால், ஒரு சுற்றுக்கு நுனி 336 மி.மீ. ஓடும். அதாவது உருளையில் ஒரு செ.மீ. தவறு நுனியில் மூன்று செ.மீ. தவறாகிறது. வேகம் வேண்டும் என்று தொடர்முறையிலிருந்து கேஸ்கேடுக்கு மாறிய அணி, நிரலில் பழைய எண்ணை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனவே தொழில்நுட்பக் குழுவின் பரிந்துரை இரட்டை வரம்பு. நிரலில் 40.5 அங்குலம், அதற்கு மேல் 41.5ல் ஒரு முரட்டுத் தடை. தடைக்குச் செலவே இல்லை. கடைசி அடுக்கையும் அடிச்சட்டத்தையும் இணைத்து நீளாத டைனீமா கயிறு ஒன்று கட்டினால் போதும். நைலான் வேண்டாம், இழுபட இழுபட நீளும். முடிச்சையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அளக்க வேண்டும், புது முடிச்சு இறுகும்போது கயிறு சில மில்லிமீட்டர் விட்டுக்கொடுக்கும். அளக்கும்போது, கட்டையை உள்ளே இழுக்கும் இன்டேக்கை ஓடவிட்டு அளக்கவும். நிற்கும்போது மடங்கித் தொங்கும் ரப்பர்க் குழாய்கள் சுழன்றதும் விறைத்து நீண்டுவிடுகின்றன. இது பரிசோதனை மேசையில் தெரியாது, களத்தில் நடுவர் கண்ணுக்குத் தெரியும்.

விதியை வாசிக்கும் முறை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விதிநூல் சொன்னது சொன்னபடிதான், அதற்கு மேலுமில்லை, கீழுமில்லை. வண்ணக் கட்டத்துக்குள் வரும் விளக்கம் உதவிக்குத்தான், விதிக்கு மேலானதல்ல. "போன போட்டியில் விட்டார்கள்" என்பது வாதமே அல்ல. சந்தேகம் வந்தால் அதிகாரபூர்வக் கேள்வி பதில் பகுதியில் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்துப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். "எங்கள் ரோபோ சரியா?" என்று கேட்டால் அங்கே பதில் வராது. "இந்த நிலையில் இந்தப் பாகம் கிடைமட்ட அளவில் சேருமா?" என்று கேட்டால் வரும்.

மூத்த பிள்ளைகள் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்பெடிஷனுக்குப் போகும்போது இதே சொற்கள் வேறு பொருளில் வருகின்றன. அங்கே மொத்த நீளத்தை அளப்பதில்லை, சட்டகச் சுற்றளவுக்கு வெளியே எவ்வளவு நீள்கிறது என்றுதான் அளக்கிறார்கள். 2023 முதல் 2025 வரை சுற்றளவு உச்சம் 120 அங்குலம், நூலைச் சுற்றிப் பார்ப்பதுபோல் கணக்கு. நீட்சி 2023ல் 48, 2024ல் 12, 2025ல் 18 அங்குலம். 2025ல் அங்கே 42 என்ற எண்ணும் உண்டு, ஆனால் அது தொடக்க உயரம். இரண்டு விதிநூலையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் பேசினால் வீண் சண்டைதான் மிச்சம்.

வரும் ஆண்டுக்கு மூன்று வேண்டுகோள். செப்டம்பரில் புதிய விதிநூல் வரும்வரை எந்த அணியும் ஸ்லைடுக்குப் பணம் கட்ட வேண்டாம். ஒவ்வொரு அணியும் ரோபோவின் எல்லா நிலைகளுக்கும் நீளம், அகலம், உயரம் எழுதிய ஒற்றைத் தாளை வைத்திருக்க வேண்டும். பாகம் மாற்றிய அன்றே தாளும் மாற வேண்டும். 20 × 42 அங்குலக் கட்டத்தைத் தரைவிரிப்பில் ஒட்ட வாங்கிய டேப்பில் அரைச்சுருள் மீதமிருக்கிறது. அதைக் கருவி அலமாரியின் இரண்டாம் தட்டில் வைத்திருக்கிறேன், ஒயர் கட்ட எடுத்துவிட வேண்டாம்.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.

செயலாளர்