மச்சான் உறவினர் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரசாயனம் தடவிய ஐந்நூறு ரூபாய்த் தாள்களோடு கிராம நிர்வாக அலுவலர் சிக்கினார், சர்வேயர் சிக்கினார் என்ற செய்திகளுக்கு நாளிதழ்களில் பஞ்சமே இல்லை. கவுன்சிலரின் மச்சான் பெயரில் போன சாலை வேலை அப்படிச் செய்தியாவது அபூர்வம். ரசாயனம் தடவ அங்கே நோட்டு எதுவும் கைமாறுவதில்லை. டெண்டர் விட்டார்கள், மூன்று பேர் போட்டார்கள், குறைத்துக் கேட்டவருக்குக் கொடுத்தார்கள், வங்கிக் கணக்கில் பணம் ஏறியது. கோப்பைப் புரட்டினால் எல்லாம் சுத்தம்.

இது எப்படி நடக்கிறது என்பது உள்ளாட்சிக் கணக்குப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உறுப்பினர் பெயரில் ஒப்பந்ததாரர் பதிவு இருக்காது. இருந்தால் பதவிக்கே ஆபத்து. மனைவியின் தம்பி, அண்ணன் மகன், பழைய டிரைவர் என்று யாராவது ஒருவர் பெயரில் பதிவும் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்கும். எஸ்டிமேட் போடும்போதே வேலை யாருக்கு என்பது முடிவாகிவிடும். ஒரே தெருவை ‘முக்கு முதல் கோயில் வரை’, ‘கோயில் முதல் பள்ளி வரை’, ‘பள்ளி முதல் தொட்டி வரை’ என்று மூன்றாக அறுப்பார்கள். மதிப்பு குறைவதால் கீழ்மட்டத்திலேயே அனுமதி கிடைக்கும். அத்தனை சின்ன வேலைக்கு இயந்திரம் கொண்டுவர வெளியூர்க்காரருக்கும் கட்டாது. 2000ஆம் ஆண்டு டெண்டர் விதிகளின்படி, 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு அறிவிப்புக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே 15 நாளும், அதற்கு மேற்பட்ட வேலைக்கு 30 நாளும் இருக்க வேண்டும். காரணம் எழுதி இதைக் குறைக்க மேலதிகாரிக்கு வழி இருக்கிறது. மழைக்கு முன் வடிகால் தூர்வார வேண்டுமென்றால் அவசரம் புரிகிறது. பூங்கா நடைபாதைக்கு என்ன அவசரம்?

எதிர்டெண்டர் போட்ட இருவரும் யார் என்பதற்குக் கோப்பிலேயே தடயம் கிடக்கும். டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகையான இ.எம்.டி.க்கு எடுத்த டி.டி.க்கள் மூன்றும் ஒரே கிளையில், ஒரே நாளில், அடுத்தடுத்த எண்களில் எடுத்திருந்தால் அதற்குமேல் விசாரிக்க ஒன்றுமில்லை. இ-டெண்டர் வந்தபின் டி.டி.யின் இடத்தை ஐ.பி. முகவரி பிடித்துக்கொண்டது. மூவரும் ஒரே கணினியிலிருந்து ஏற்றியிருந்தால் அதுவும் பதிவாகும். இன்னொரு அடையாளம் விலைப் பட்டியல். தனித்தனியாகக் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஜல்லியில் ஒரு வித்தியாசம் வரும், கம்பியில் இன்னொரு வித்தியாசம் வரும். தோற்பதற்கென்றே போடும் டெண்டரில் வரிக்கு வரி ஒரே சதவீதம் ஏற்றியிருக்கும். உட்கார்ந்து யோசிக்கச் சோம்பல்!

இதில் பணம் போவதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. தரம் குறைந்தால் கேட்க வேண்டிய ஆளே காணாமல் போய்விடுகிறார். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனத்தில் சிமெண்ட் சாலை என்றால் 45 கன மீட்டர் கான்கிரீட் போக வேண்டும். 12 சென்டிமீட்டரில் நிறுத்தினால் 36 போதும். வேலையின் அளவைப் பதியும் எம்.புக்கில் 45 என்றுதான் ஏறும். ஓரத்துப் பலகையில் 15 சென்டிமீட்டர் காட்டிவிட்டு நடுவில் மண்ணை மேடாக விட்டால் நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. நடுச்சாலையில் துளை போட்டு மாதிரி எடுத்தால்தான் வெளிவரும். தார்ச் சாலையில் பழைய தாரைச் சுரண்டி எடுத்த கணக்கு பில்லில் இருக்கும், தரையில் இருக்காது. சாலை ஏறிக்கொண்டே போக, வாசற்படி பள்ளத்துக்குள் போவது இதனால்தான்.

வெளி ஒப்பந்ததாரரிடம் கமிஷன் வாங்கிய உறுப்பினராவது, தெருக்காரர்கள் நச்சரித்தால் அவரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்பார். அடுத்த தேர்தலில் அதே தெருவில் ஓட்டுக் கேட்க வேண்டுமே! வேலையே அவர் வீட்டு வேலை என்றால் யார் யாரைக் கேட்பது? ஓவர்சீயர் அளவைக் குறைத்து எழுதிவிட்டு அந்த ஊரில் நீடிக்க முடியுமா? லஞ்சத்துக்கும், பதவிக் கடமையும் சொந்த ஆதாயமும் மோதுகிற நலன் முரணுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். லஞ்சத்தில் காவல்காரன் பங்கு வாங்குகிறான். நலன் முரணில் காவல்காரனே தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துவிடுகிறான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், உள்ளாட்சி உறுப்பினருக்காவது ஓரளவு கடிவாளம் இருக்கிறது; மேலே போகப் போக அதுவும் தளர்கிறது. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு இருக்கிறது. உரிய அரசோடு, பொருள் வழங்கவோ அரசு வேலை செய்யவோ, நடப்பில் உள்ள ஒப்பந்தம் வைத்திருப்பவர் தகுதி இழப்பார். ஒவ்வொரு சொல்லிலும் ஓர் ஓட்டை. வேலையைச் செய்து முடித்து பில் பணம் மட்டும் பாக்கி என்றால் ஒப்பந்தம் நடப்பில் இல்லை என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. மனைவி, மகன் பெயரில் இருக்கும் ஒப்பந்தம் பற்றிப் பேச்சே இல்லை. சுரங்கக் குத்தகை இதற்குள் வராது என்று 2001இல் கர்தார் சிங் பதானா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு ஜார்க்கண்ட் முதல்வர் ஹேமந்த் சோரன், சுரங்கத் துறையும் அவரிடமே இருந்த நேரத்தில், தன் பெயரிலேயே கல் குவாரிக் குத்தகை பெற்ற விவகாரம் கிளம்பியது. குத்தகையை அவர் திருப்பி ஒப்படைத்தார். தேர்தல் ஆணையம் 2022 ஆகஸ்டில் தன் கருத்தை ஆளுநருக்கு உறையிலிட்டு அனுப்பியது. உறைக்குள் என்ன இருந்தது என்று ஆளுநர் மாளிகை அறிவிக்கவில்லை.

அமைச்சர்களுக்கு மத்திய உள்துறை வகுத்த நடத்தை நெறிகள் தனியாக இருக்கின்றன. படித்தால் நிறைவாகத்தான் இருக்கும்: தொழில் நிர்வாகத்திலிருந்து விலக வேண்டும், சொத்தையும் தொழில் தொடர்புகளையும் முதல்வரிடம் அல்லது பிரதமரிடம் தெரிவிக்க வேண்டும், அரசிடமிருந்து அசையாச் சொத்து வாங்கக் கூடாது. இந்த நெறிகளின் உண்மையான பலத்தை அளந்து காட்டியது நம் ஊர் வழக்குத்தான். 1992இல், ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது, அவர் பங்குதாரராக இருந்த ஜெயா பப்ளிகேஷன்ஸ், சசி எண்டர்பிரைசஸ் நிறுவனங்கள் கிண்டியில் அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கின. 2000 அக்டோபரில் தனி நீதிமன்றம் தண்டித்தது. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2003 நவம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை உறுதி செய்தது. நடத்தை நெறிக்குச் சட்ட வலிமை கிடையாது, ஆகவே அதை மீறியது குற்றமாகாது என்பது தீர்ப்பின் சாரம். கூடவே, நிலத்தை நிபந்தனையின்றித் திருப்பிக் கொடுத்து மனசாட்சிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றும் நீதிபதிகள் எழுதினார்கள். மனசாட்சிக்கு எந்த நீதிமன்றம் சம்மன் அனுப்பும்? அந்தத் தீர்ப்பு காட்டிய ஓட்டையை, அதன்பின் மத்தியில் மாறி மாறி வந்த ஆட்சிகளில் எதுவும் சட்டம் போட்டு அடைக்கவில்லை. தமிழகத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போன சுதர்சன நாச்சியப்பன் நலன் முரண் தடுப்புக்கென்றே ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். தனிநபர் மசோதாக்களுக்கு வழக்கமாக நேர்வதுதான் அதற்கும் நேர்ந்தது: நிறைவேறவில்லை.

இருந்த ஒரு கதவும் 2018இல் சாத்தப்பட்டது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் பழைய 13(1)(டி) பிரிவில், பொதுநலன் எதுவும் இல்லாமல் யாருக்காவது பண ஆதாயம் பெற்றுத் தருவதே குற்றம் என்ற வாசகம் இருந்தது. மச்சானுக்குக் கொடுத்த வேலையைப் பிடிக்க உதவக்கூடிய வாசகம் அது. நேர்மையான அதிகாரிகளும் சிக்குகிறார்கள் என்ற காரணத்தைச் சொல்லி அதை எடுத்துவிட்டார்கள். அந்தக் காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்குப் பதிலாக நலன் முரணைத் தனிக் குற்றமாக எழுதியிருக்க வேண்டாமா? போதாக்குறைக்கு 17ஏ பிரிவு வந்து, பதவியில் இருந்து எடுத்த முடிவு பற்றி விசாரிக்கவே முன் அனுமதி வேண்டும் என்றாக்கியது.

இனி மச்சான் விஷயம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் கீழ் ‘உறவினர்’ பட்டியல் ஒன்று இருக்கிறது. கணவன் அல்லது மனைவி, தாய், தந்தை, மகன், மருமகள், மகள், மருமகன், சகோதரர், சகோதரி, கூட்டுக் குடும்ப உறுப்பினர்கள். அவ்வளவுதான். மச்சான் இல்லை, மாமனார் இல்லை, அண்ணி இல்லை, சம்பந்தி இல்லவே இல்லை. கல்யாணப் பத்திரிகையில் முதல் வரிசையில் பெயர் வருகிற சம்பந்தி, சட்டத்தின் கண்ணுக்கு வழிப்போக்கர். வேட்புமனுவோடு தரும் படிவம் 26இல் அரசு ஒப்பந்தங்களைச் சொல்லக் கட்டம் இருக்கிறது. வேட்பாளர், துணைவர், சார்ந்திருப்போர், அவர்கள் பங்கு வைத்துள்ள நிறுவனங்கள் வரை அது கேட்கிறது. சொந்தமாகச் சம்பாதிக்கிற மகன் ‘சார்ந்திருப்போர்’ ஆக மாட்டார். ஆகவே அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதுவது பொய்யும் ஆகாது.

இதே தேசத்தில் மத்திய பொதுப்பணித் துறை டெண்டர் படிவத்தை எடுத்துப் பாருங்கள். பொறியாளரின் நெருங்கிய உறவினர், அவர் பணியாற்றும் எல்லைக்குள் டெண்டர் போடக் கூடாது. நெருங்கிய உறவினர் யார்? கணவன் அல்லது மனைவி, பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தோர், சித்தப்பா, மாமா, அத்தை, அவர்களின் பிள்ளைகள், இவர்கள் அத்தனை பேருக்கும் இணையான திருமண வழி உறவுகள். ஆக, அளவெடுக்கும் ஜூனியர் இன்ஜினீயருக்கு மச்சான் உண்டு, மாமனார் உண்டு. வேலையை ஒதுக்குகிற அரசியல்வாதிக்கு மட்டும் யாருமே இல்லை, பாவம்.

ஊரில் சந்தேகம் வந்தவர்கள் செய்யக்கூடியது சில உண்டு. ஒப்பந்தக் கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண் கிடைத்தால், ஜி.எஸ்.டி. இணையதளத்தில் வரிசெலுத்துவோர் தேடலில் போட்டால் கடைப் பெயருக்குப் பின்னால் உள்ள சட்டப்படியான பெயரும் பதிவு செய்த தேதியும் வரும். தேர்தல் முடிந்து ஒரே மாதத்தில் பதிவான நிறுவனம் என்றால் கவனியுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய தகவல் உரிமை மனுவில் ‘முறைகேடு பற்றிய விவரம்’ என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் வராது. ஒப்பீட்டுப் பட்டியல், டெண்டர் போட்ட எல்லாரின் விலைப் பட்டியல், இ.எம்.டி. செலுத்திய விவரம், பணி ஆணை, எம்.புக் நகல், மன்றத் தீர்மான எண் என்று தாள் தாளாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: 2(ஜே) பிரிவின்படி வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றளித்த மாதிரியைக் கேட்கவும் உரிமை உண்டு. கான்கிரீட்டும் அதில் அடக்கம். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கு மேல் தகவல் ஆணையம், 90 நாள் கெடு. ‘மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல்’ என்று மறுக்கலாம்; அப்படி மறுக்க இடம் தரும் 8(1)(ஜே) பிரிவைத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இறுக்கிவிட்டது உண்மைதான். ஆனாலும் பொதுநலனை முன்வைத்து வாதாட 8(2) அப்படியே இருக்கிறது. கிராம சபையில் வரவு செலவுக்கான படிவம் 30ஐ வாசிக்கச் சொல்லிக் கேட்பதும் பலன் தரும். உள்ளாட்சி முறைமன்ற நடுவரிடம் புகார் செய்வதானால் மேற்சொன்ன தாள்களோடு போங்கள்.

நாடாளுமன்றம் சட்டம் போடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதைச் சொல்லத்தான் இக்கடிதம். டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, தமிழக அரசின் சொந்தச் சட்டம். டெண்டர் போடுபவர் ஒவ்வொருவரும் அந்த உள்ளாட்சியின் உறுப்பினர்களோடும், அத்தொகுதி சட்டமன்ற உறுப்பினரோடும், துறை அமைச்சரோடும் தனக்குள்ள உறவை எழுதித் தர வேண்டும் என்று அதன் விதிகளில் ஒரு படிவம் சேர்க்கலாம். உறவுப் பட்டியலுக்கு மத்திய பொதுப்பணித் துறையின் வாசகத்தையே எடுத்துக்கொண்டு ‘சம்பந்தி’ என்ற சொல்லை மட்டும் கூடுதலாக எழுதினால் போதும். மறைத்தது தெரிந்தால் பில் நிற்கும், பதிவு ரத்தாகும். மன்றக் கூட்டத்தில் சொந்த ஆதாயம் உள்ள பொருளில் உறுப்பினர் பேசவோ வாக்களிக்கவோ கூடாது என்பது 1920ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்திலேயே இருந்த விதி. அன்று அது அவரையும் அவருடைய தொழில் கூட்டாளியையும் மட்டுமே குறித்தது. குடும்பத்தையும் சேர்த்து எழுதி, யார் எந்தத் தீர்மானத்தின்போது வெளியே போனார் என்பதை மினிட் புத்தகத்தில் ஏற்ற வேண்டும்.

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். அவற்றின் ஐந்தாண்டுக் கணக்கும் நமக்குத் தெரியும். அடுத்த தேர்தலுக்கு முன் உள்ளாட்சி வேட்புமனுப் படிவத்தை மாற்ற மாநில அளவிலேயே வழி இருக்கிறது. அதில் இரண்டு கேள்விகள் சேர்க்கக் கேட்கிறோம்: கடந்த ஐந்து ஆண்டுகளில் இந்த உள்ளாட்சியிடம் வேலை எடுத்த உறவினர்கள் யார் யார்? அவர்களின் ஜி.எஸ்.டி. எண் என்ன?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உள்ளாட்சித் தணிக்கையாளர்கள் சிலர்,
திண்டுக்கல் மாவட்டம்.